டிரம்ஸ் ஒலிமாதிரி மென்பொருள்

டிரம்ஸ் ஒலிமாதிரி மென்பொருள் என்பது, உண்மையான டிரம்ஸ் தொகுதி ஒன்றின் அடிகளைத் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகளைக் கணினியின் துணையுடன் மீண்டும் ஒலிக்கச் செய்யும் மென்பொருள் ஆகும். இவ்வாறு பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு சிறு ஒலித்துண்டும் ஒலிமாதிரி எனப்படுகின்றது. பயனர் ஒரு விசைப்பலகையைத் தட்டியோ, மின்னணு டிரம்ஸை அடித்தோ, கணினித் திரையில் தாளக் குறிப்புகளை எழுதியோ கட்டளை அனுப்பலாம். மென்பொருள் அக்கட்டளைக்குப் பொருத்தமான ஒலிமாதிரியைத் தேர்ந்து ஒலிக்கின்றது. டிரம்ஸ் கலைஞரையும் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தையும் அமர்த்த வசதி இல்லாதவர்கள் வீட்டில் இருந்தே முழுமையான பாடல் ஒன்றை உருவாக்க இம்மென்பொருட்கள் வழிசெய்கின்றன. திரைப்பட இசை, விளம்பர இசை ஆகியவற்றிலும் இவை பரவலாகப் பயன்படுகின்றன.

1980 முதல் இத்தொழில்நுட்பம் பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும் பயனர்கள் கேட்கும் மேம்பாடுகளின் பட்டியல் குறையவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே மூலத்தில் இருந்து பிறப்பவை. மென்பொருளிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத அடிகள்; டிரம்ஸ் கலைஞரின் வாசிப்போ தொடர்ச்சியான அசைவு. இவ்விரண்டுக்கும் இடையேயான இடைவெளியை மேலும் பல ஒலிமாதிரிகளைச் சேர்த்து நிரப்ப முடியுமா என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாக உள்ளது.

வரலாறு

உண்மையான டிரம்ஸ் ஒலிகளை எண்முறையில் சேமித்து ஒலித்த முதல் தாளக் கருவி, அமெரிக்கரான ரோஜர் லின் வடிவமைத்து 1980 இல் வெளியிட்ட லின் எல்.எம்-1 ஆகும். அதற்கு முந்திய தாளப் பெட்டிகள் மின்சுற்றுக்களின் மூலம் செயற்கையாக ஒலியை உருவாக்கின. அதே ஆண்டில் வெளிவந்த ரோலண்ட் டி.ஆர்-808 உம் அவ்வகையைச் சேர்ந்ததே. எல்.எம்-1 இல் 12 ஒலிகள் இருந்தன. அவை 8 பிட் அளவில், விநாடிக்கு ஏறத்தாழ 28,000 முறை அளக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டவை. பேஸ் டிரம், ஸ்னேர், ஹை-ஹேட், கைதட்டல் என எல்லாம் இருந்தும் அக்கருவியில் பெரிய சிம்பல் எதுவும் இருக்கவில்லை. 5 விநாடிகள் ஒலித்து அடங்கும் ஒரு சிம்பலுக்கு அந்த வீதத்தில் 1,40,000 பைட்டுகள் வேண்டும். அக்கால நினைவகச் சில்லுகளின் விலையில் அதனைச் சேர்ப்பது கட்டுப்படியாகவில்லை. 1982 இல் வெளிவந்த லின்டிரம் என்னும் அடுத்த கருவியிலேயே கிராஷ், ரைட் சிம்பல்கள் இடம்பெற்றன. பாடகர் பிரின்ஸ் தனது 1980களின் பாடல்கள் பலவற்றில் எல்.எம்-1 ஐப் பயன்படுத்தியுள்ளார்.

1983 இல் மிடி எனப்படும் இசைக்கருவிகளுக்கான தகவல் தொடர்பு நெறிமுறை வந்தது. இதனால் ஒரு நிறுவனத்தின் விசைப்பலகை மற்றொரு நிறுவனத்தின் ஒலிப்பெட்டியை இயக்கக் கூடியதாயிற்று. 1996 இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி என்னும் செருகுநிரல் முறையை அறிமுகப்படுத்தி, 1999 இல் அதனை இசைக்கருவிகளுக்கும் விரிவாக்கியது. இதற்கிடையில், 1998 இல் வெளிவந்த கிகாசாம்ப்ளர் என்னும் மென்பொருள் ஒரு முக்கியமான தடையை நீக்கியது. அதுவரை ஒலிமாதிரி முழுவதும் நினைவகத்தில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. கிகாசாம்ப்ளர் ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சிய பகுதியை வன்தட்டில் இருந்து நேரடியாகப் படித்தது. நீண்டு ஒலிக்கும் சிம்பல்களையும் பல ஒலிவாங்கிகளின் பதிவுகளையும் தாராளமாகப் பயன்படுத்தும் வழி இதன் பின்னரே திறந்தது. 2000களில் பி.எஃப்.டி, ஈசி டிரம்மர், அடிக்டிவ் டிரம்ஸ் முதலிய தனிப்பட்ட டிரம்ஸ் மென்பொருட்கள் தோன்றின. 2017 இல் டூன்டிராக் நிறுவனம் வெளியிட்ட சுப்பீரியர் டிரம்மர் 3 இன் ஒலிமாதிரிகள் 230 கிகாபைட்டுகளுக்கும் மேற்பட்டவை. எல்.எம்-1 இல் ஒரு சிம்பலுக்கு இடம் இல்லாதிருந்ததை இதனுடன் ஒப்பிடலாம்.

அடி ஒலியாகும் முறை

டிரம்ஸ் தொகுதி ஒன்றை ஒலிமாதிரிகளாக்கும்போது, ஒவ்வொரு கருவியும் மிக மெல்லிய அடியில் இருந்து மிக வன்மையான அடி வரை பல நிலைகளில் அடித்துப் பதிவு செய்யப்படுகின்றது. இந்நிலைகள் விசை அடுக்குகள் எனப்படும். ஒவ்வொரு அடுக்கிலும் பல மாற்றுப் பதிவுகள் எடுக்கப்படும். ஸ்னேர் டிரம்மை நடுவில் அடித்தல், விளிம்பும் தோலும் ஒருசேரப் படும்படி அடித்தல், குச்சியைத் தோலின் மேல் கிடத்தி விளிம்பில் தட்டுதல் போன்ற வாசிப்பு முறைகள் ஒவ்வொன்றுக்கும் இவ்வேலை முழுவதும் மீண்டும் செய்யப்பட வேண்டும்.

மறுபுறம், மிடிக் கட்டளை மிகவும் சுருக்கமானது. எந்தக் கருவி என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணும், எவ்வளவு விசை என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணுமே அதில் உள்ளன. எடுத்துக்காட்டாக, 1991 இல் வகுக்கப்பட்ட பொது மிடி நியமத்தின்படி 36 பேஸ் டிரம்மையும், 38 ஸ்னேரையும், 42 மூடிய ஹை-ஹேட்டையும், 46 திறந்த ஹை-ஹேட்டையும் குறிக்கும். விசை எண் 1 முதல் 127 வரை அமையலாம். கலைஞரின் தோள், மணிக்கட்டு, குச்சியின் சாய்வு, தோலில் பட்ட இடம் ஆகிய அனைத்தும் இந்த ஒரே எண்ணாகச் சுருங்கிவிடுகின்றன.

இயந்திரத் துப்பாக்கி விளைவு

ஒரே ஒலிமாதிரி விரைவாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது, காது அதனை உடனே கண்டுகொள்கின்றது. இயந்திரத் துப்பாக்கி சுடுவது போன்று கேட்பதால் இக்குறைக்கு இப்பெயர் ஏற்பட்டது. பயனர்களின் மிகப் பழைய முறையீடு இதுவே. உண்மையான டிரம்மில் இரண்டு அடிகள் ஒருபோதும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை; வலக்கை அடியும் இடக்கை அடியும்கூட வேறுபடும்.

இதற்கான வழமையான தீர்வு சுழல்முறை ஆகும். ஒரே விசையில் பதிவான நான்கைந்து மாற்று ஒலிகளை மென்பொருள் மாறி மாறி ஒலிக்கும். இது பெரும்பாலான இடங்களில் போதுமானது. ஆனால் விரைவான ஸ்னேர் உருட்டலில் நான்கு ஒலிகளின் சுழற்சியே ஒரு புதிய தாளமாகக் கேட்கத் தொடங்குகின்றது. எனவே பயனர்கள் கூடுதலான மாற்றுப் பதிவுகளையும், இடக்கை, வலக்கை ஒலிகள் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டிருப்பதையும் வேண்டுகின்றனர்.

விசை அடுக்குகளுக்கு இடையேயான எல்லையும் ஒரு சிக்கலே. விசை எண் 63 இல் ஓர் அடுக்கும் 64 இல் அடுத்த அடுக்கும் தொடங்குமானால், மெதுவாக வலுப்பெறும் உருட்டல் ஒன்று அவ்விடத்தில் திடீரென நிறம் மாறுவதைக் கேட்கலாம். டிரம்கிஸ்மோ என்னும் திறந்த மூல மென்பொருள் இதனை வேறு விதமாக அணுகுகின்றது. அது நிலையான அடுக்குகளை வைப்பதில்லை. பதிவு செய்யப்பட்ட ஒவ்வோர் அடியின் உண்மையான வலிமையையும் கணித்து வைத்துக்கொண்டு, கேட்கப்பட்ட வலிமைக்கு அண்மையில் உள்ளவற்றுள் ஒன்றை வாய்ப்பு முறையில் தெரிவு செய்கின்றது. ஒலிமாதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்காமல் பெறப்படும் இவ்வகை மேம்பாடுகள் குறிப்பிடத்தக்கவை.

ஹை-ஹேட்

டிரம்ஸ் தொகுதியில் மென்பொருளுக்கு மிகவும் கடினமான கருவி ஹை-ஹேட் ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு சிம்பல்களைக் காலால் மூடியும் திறந்தும், குச்சியால் அடித்தும் இது வாசிக்கப்படுகின்றது. இறுக மூடிய நிலைக்கும் முழுவதும் திறந்த நிலைக்கும் இடையில் எண்ணற்ற நிலைகள் உள்ளன. அவற்றுள் மிகவும் சுவையானவை, தட்டுகள் ஒன்றோடொன்று மெல்ல உரசிச் சலசலக்கும் இடைநிலைகளே. ராக் இசையின் உயிர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் உள்ளது.

பொது மிடி நியமம் ஹை-ஹேட்டுக்கு மூன்று எண்களை மட்டுமே தந்தது: மூடியது, திறந்தது, காலால் மிதித்தது. பிற்கால மென்பொருட்கள் காற்கட்டையின் நிலையைத் தொடர்ச்சியாகத் தெரிவிக்கும் கட்டுப்பாட்டுச் செய்தி 4 ஐப் பயன்படுத்துகின்றன. இதன் மூலம் 128 நிலைகளைக் குறிக்கலாம். ஆனால் மென்பொருளில் பதிவாகியிருப்பவை பொதுவாக ஒரு சில திறப்பு நிலைகளே. 128 நிலைகளும் அச்சில படிகளில் ஏதேனும் ஒன்றில் அடக்கப்படுகின்றன.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. திறந்த ஹை-ஹேட்டை அடித்துவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காலை மெதுவாக அழுத்தினால் ஒலி படிப்படியாக இறுகி, சலசலத்து, அடங்கும். ஒலிமாதிரியோ அடித்த கணத்தில் தெரிவு செய்யப்பட்டுவிட்டது. அதன் பின்னர் கால் என்ன செய்கின்றது என்பது அப்பதிவில் இல்லை. மென்பொருள் அவ்வொலியைத் திடீரென வெட்டலாம். அல்லது குறைந்த திறப்புடைய வேறு ஒலிமாதிரிக்குப் படிப்படியாக மாறலாம். இரண்டாவது வழி சற்று மேலானதே எனினும், கூர்ந்து கேட்பவர் ஒட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவர். மின்னணு டிரம்ஸ் வாசிப்போர் பிற எல்லாவற்றுக்கும் முன்னதாக ஹை-ஹேட்டின் மேம்பாட்டையே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அதிரும் பரப்பின் மீது விழும் அடி

ஒலிமாதிரி ஒவ்வொன்றும், அசையாது இருந்த கருவியின் மீது விழுந்த ஒற்றை அடியின் பதிவு ஆகும். உண்மையான வாசிப்பில் இந்நிலை அரிதாகவே நிகழ்கின்றது. முதல் அடியால் தோல் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது அடி விழுகின்றது. புதிய அடி பழைய அதிர்வோடு சேர்ந்து வலுக்கலாம். அதனைத் தணிக்கவும் செய்யலாம். மென்பொருள் இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவதோடு நின்றுவிடுகின்றது.

சிம்பலில் இது மிகத் தெளிவாகத் தெரியும். மெல்லிய உருட்டலில் தொடங்கி அலைபோல் எழும் சிம்பல் ஒலியில், தனித்தனி அடிகள் காதில் விழுவதில்லை. அதிர்ந்துகொண்டிருக்கும் தட்டில் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒரே முழக்கமாகின்றது. இதையே ஒற்றை அடி ஒலிமாதிரிகளைக் கொண்டு செய்தால், ஒவ்வோர் அடியின் தொடக்கமும் தனித்து ஒலித்து, தகரத்தின் மீது மழை பெய்வது போல் ஆகிவிடும். இதனாலேயே பல மென்பொருட்கள் இவ்வகை உருட்டல்களைத் தனி ஒலிமாதிரிகளாகவே சேர்க்கின்றன. அவற்றின் நீளத்தைப் பாடலுக்கு ஏற்ப மாற்றுவது கடினம்.

ஜாஸ் இசையில் பயன்படும் கம்பித் தூரிகைகளின் நிலை இன்னும் கடினமானது. தூரிகையை ஸ்னேரின் தோல்மீது வட்டமாகத் தேய்க்கும்போது அடி என்ற ஒன்றே இல்லை. தொடக்கமும் விசையும் கொண்ட நிகழ்வுகளை மட்டுமே அறிந்த மிடிக்கு, தேய்த்தல் என்பதைச் சொல்ல நேரடியான சொல் கிடையாது.

இக்காரணங்களால் இயற்பியல் மாதிரியமைப்பு என்னும் மாற்று வழியைச் சிலர் விரும்புகின்றனர். இதில் பதிவுகளுக்குப் பதிலாக, தோலின் அதிர்வு சமன்பாடுகளின் மூலம் அவ்வப்போது கணிக்கப்படுகின்றது. 2019 இல் ஐ.கே மல்டிமீடியா நிறுவனம் வெளியிட்ட மோடோ டிரம் இவ்வகையினது. எனினும் அதிலும் டிரம்கள் மட்டுமே கணிக்கப்படுகின்றன; சிம்பல்களுக்கு ஒலிமாதிரிகளே பயன்படுகின்றன. சிம்பலின் அதிர்வு நேர்கோட்டுத் தன்மை அற்றது. ஓர் அதிர்வெண்ணில் உள்ள ஆற்றல் பிற அதிர்வெண்களுக்குப் பாயும். அதனை உடனுக்குடன் கணிப்பது தோலைக் கணிப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

மிடியின் எல்லையும் தாமதமும்

தோலின் நடுவில் அடித்தால் ஒரு நிறமும் ஓரத்தில் அடித்தால் வேறொரு நிறமும் கிடைக்கும். உயர்வகை மின்னணு டிரம்ஸ் சில அடி விழுந்த இடத்தையும் உணர்ந்து தனிக் கட்டுப்பாட்டுச் செய்தியாக அனுப்புகின்றன. மென்பொருள் அதனைப் புரிந்துகொண்டு, ஒலியின் நிறத்தைத் தொடர்ச்சியாக மாற்ற வேண்டும் என்பது வாசிப்போரின் வேண்டுகோள். 2020 சனவரியில் ஏற்கப்பட்ட மிடி 2.0 விசைக்கு 16 பிட், அதாவது 65,536 நிலைகளைத் தருகின்றது. ஒவ்வோர் அடிக்கும் தனியான கூடுதல் தகவல்களையும் அனுப்ப இடமளிக்கின்றது. ஆனால் கருவி, இயக்குதளம், மென்பொருள் ஆகிய மூன்றும் ஒருங்கே அதனை ஏற்றால் அன்றிப் பயனில்லை. இதனால் அதன் பரவல் மெதுவாகவே நிகழ்கின்றது.

எண் ஒதுக்கீட்டில் உள்ள ஒற்றுமையின்மை சிறிய விடயமாகத் தோன்றினாலும் அன்றாடத் தொல்லையாக உள்ளது. பொது மிடி நியமத்தில் ஹை-ஹேட்டுக்கு 42, 44, 46 ஆகிய எண்களே உள்ளன. ரோலண்டின் மின்னணு டிரம்ஸ், ஹை-ஹேட்டின் விளிம்பு அடிக்கு 22, 26 ஆகிய எண்களை அனுப்புகின்றன. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு பட்டியலையும் வைத்துள்ளது. ஒன்றுக்காக எழுதிய தாளத்தை வேறொன்றில் திறந்தால் ரைட் சிம்பல் இருந்த இடத்தில் கைதட்டல் கேட்கலாம். இதற்கு எண்பெயர்ப்பு அட்டவணைகள் உள்ளன. அவற்றைப் பயனர் கையால் நிரப்ப வேண்டியிராமல், கருவியே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றது.

தாமதம் பற்றிய வேண்டுகோள் நேரடியாக வாசிப்போருக்கு மட்டும் உரியது. மிடி வடத்தில் தகவல் விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் செல்கின்றது. மூன்று பைட்டுகள் கொண்ட ஒரு கட்டளைக்கு ஏறத்தாழ 1 மில்லிவிநாடி ஆகும். கணினி 128 அளவீடுகள் கொண்ட இடைச்சேமிப்பைப் பயன்படுத்தினால் மேலும் ஏறத்தாழ 3 மில்லிவிநாடி சேரும். ஒலி காற்றில் 1 மில்லிவிநாடியில் சுமார் 34 சென்ரிமீற்றர் செல்வதால், உண்மையான ஸ்னேரின் ஒலியும் வாசிப்பவரின் காதை அடைய ஏறத்தாழ 2 மில்லிவிநாடி எடுக்கின்றது. ஆகவே சிறிய, மாறாத தாமதம் பெரிதாக உறுத்துவதில்லை. ஒரு சமயம் 4 ஆகவும் மறு சமயம் 9 ஆகவும் மாறும் தாமதத்துக்கு ஏற்ப வாசிப்பவர் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. அதனை ஒழிப்பதே முதன்மையானது.

மனித வாசிப்பின் தன்மை

கணினித் திரையில் எழுதப்படும் தாளம் நேரத்தில் சிறிதும் பிசகாது. அதனால் உயிரற்றும் கேட்கும். இதனைப் போக்கப் பல மென்பொருட்களில் மனிதத்தன்மை சேர்க்கும் பொத்தான் ஒன்று உள்ளது. அது பெரும்பாலும் ஒவ்வோர் அடியின் நேரத்தையும் விசையையும் தற்போக்கில் சிறிது முன்பின்னாக மாற்றுகின்றது. இதன் விளைவு உயிருள்ள வாசிப்பாக அமையாமல், கவனக்குறைவான வாசிப்பாக அமைவதாகப் பயனர்கள் குறைகூறுவர்.

இக்குறைகூறலுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. 2011 இல் ஹோல்கர் ஹென்னிக் முதலிய ஆய்வாளர்கள் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு, மனிதரின் தாளப் பிறழ்வுகள் தற்போக்கானவை அல்ல என்று காட்டியது. ஓர் அடியின் பிறழ்வு நெடுநேரம் கழித்து வரும் அடிகளின் பிறழ்வுடனும் தொடர்பு கொண்டுள்ளது. கேட்போரும் தற்போக்கான பிறழ்வுகளைவிட இவ்வாறு தொடர்புள்ள பிறழ்வுகளையே விரும்பினர். 2015 இல் அதே இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மைக்கேல் மெக்டொனால்டின் 1982 ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் ஜெஃப் போர்காரோ வாசித்த ஹை-ஹேட்டை ஆராய்ந்து, நேரத்தில் மட்டுமன்றி ஒலிவலிமையிலும் இத்தகைய ஒழுங்குகள் இருப்பதை எடுத்துக்காட்டியது. இடர் யாதெனில், தற்போக்கு எண்ணை உருவாக்குவது நிரலாளருக்கு ஒரு வரி வேலை. நல்ல கலைஞரின் பிசகை உருவாக்குவது அப்படியன்று.

இதன் மாற்று வழி, உண்மையான கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்து பயன்படுத்துவது ஆகும். டிரம்ஸ் மென்பொருட்களுடன் வரும் தாளத் தொகுப்புகள் பெரும்பாலும் இத்தகையவை. 2019 இல் கூகுளின் மஜெண்டா திட்டம் வெளியிட்ட குரூவ் மிடித் தரவுத்தொகுதியில் 10 கலைஞர்கள் மின்னணு டிரம்ஸில் வாசித்த 13.6 மணிநேரப் பதிவு உள்ளது. விறைப்பான தாளத்தை மனித வாசிப்பாக மாற்றக் கணினியைப் பயிற்றுவிக்க இது உருவாக்கப்பட்டது. 2022 இல் வெளிவந்த ஈசி டிரம்மர் 3, பயனர் தரும் கிதார் அல்லது பியானோப் பதிவைக் கேட்டு அதற்குப் பொருந்தும் தாளங்களைப் பரிந்துரைக்கின்றது. பாடலாசிரியர்கள் இதனை வரவேற்கின்றனர். டிரம்ஸ் கலைஞர்களோ, தாளத்தை எழுதித்தரும் வசதியைவிடத் தாம் வாசித்ததை அப்படியே ஒலிக்கும் வசதியையே கேட்கின்றனர். இவ்விரு தரப்பினருக்கும் ஒரே மென்பொருள் விற்கப்படுவதால் ஒரு தரப்பின் குறை எப்போதும் எஞ்சுகின்றது.

ஒலிக்கசிவு

ஸ்னேருக்காக வைக்கப்பட்ட ஒலிவாங்கியில் பேஸ் டிரம்மின் ஒலியும் சிறிது விழும். இது ஒலிக்கசிவு எனப்படும். ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் காலங்காலமாக இதனைக் குறைக்கப் பாடுபட்டு வந்தனர். கசிவு முற்றிலும் நீங்கிய ஒலிமாதிரிகள் வந்தபோது, டிரம்ஸ் ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றவில்லை என்று அறிந்து, அதே கசிவைப் பயனர்கள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கினர். இப்போது அளவைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய கசிவு வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஏற்கனவே மெருகேற்றப்பட்ட ஒலி வேண்டும் என்போரும், மெருகேற்றாத மூல ஒலியே வேண்டும் என்போரும் உள்ளனர். இது சுவை வேறுபாடு மட்டுமே.

கோப்புகளின் அளவு

மேலே கண்ட குறைகளுக்கு இதுவரை கிடைத்த பொதுவான தீர்வு கூடுதல் ஒலிமாதிரிகள் என்பதாகும். இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 பிட், விநாடிக்கு 44,100 அளவீடுகள் என்ற தரத்தில் ஓர் ஒலிவாங்கியின் பதிவுக்கு விநாடிக்கு 1,32,300 பைட்டுகள் வேண்டும். ரைட் சிம்பல் ஒன்று 15 விநாடிகள் ஒலிப்பதாகவும், 12 ஒலிவாங்கிகள் இருப்பதாகவும் கொண்டால் ஓர் அடிக்கு ஏறத்தாழ 24 மெகாபைட். 20 விசை அடுக்குகள், அடுக்குக்கு 6 மாற்றுப் பதிவுகள் எனில் 120 அடிகள், அதாவது 2.8 கிகாபைட்டுக்கும் மேல். உடற்பகுதி, குமிழ், விளிம்பு என மூன்று இடங்களில் அடித்தால் ஒரே ஒரு சிம்பலுக்கு ஏறத்தாழ 8.5 கிகாபைட் ஆகின்றது. இழப்பற்ற சுருக்க முறைகள் இதனைக் குறைக்கும் எனினும் வளர்ச்சியின் போக்கு மாறுவதில்லை.

விநாடிக்கு 10 மெகாபிட் இணைய இணைப்பு உள்ளவர் 230 கிகாபைட்டைத் தரவிறக்க இரண்டு நாட்களுக்கு மேல் இடைவிடாது காத்திருக்க வேண்டும். எனவே தேவையான பகுதியை மட்டும் நிறுவுதல், பயன்படாத ஒலிமாதிரிகளை நினைவகத்தில் இருந்து நீக்குதல், பாடலில் உண்மையாக ஒலித்தவற்றை மட்டும் ஏற்றுதல் ஆகிய வசதிகள் கேட்கப்பட்டன. இவை பெரும்பாலும் நிறைவேற்றப்பட்டும் உள்ளன. மாற்றி அளவிட முடியாத சிறிய சாளரம், செயல்தவிர்க்கும் வசதி இன்மை போன்ற இடைமுகக் குறைகளும் பல மென்பொருட்களில் படிப்படியாகத் தீர்ந்து வருகின்றன. பார்வையற்ற இசைக்கலைஞர்களின் நிலை அவ்வாறில்லை. பல செருகுநிரல்கள் தமது திரையைப் படமாகவே வரைவதால், திரைபடிப்பிக்கு அதில் படிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை.

மிருதங்கமும் பிற தோற்கருவிகளும்

இம்மென்பொருட்கள் மேற்கத்திய டிரம்ஸை மனத்தில் வைத்து உருவானவை. பிற தோற்கருவிகளை அதே சட்டகத்தில் பொருத்தும்போது புதிய குறைகள் தோன்றுகின்றன. மிருதங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாதாரண வட்டத் தோலில் இரண்டாவது அதிர்வு நிலையின் அதிர்வெண் முதலாவதைப் போல் 1.59 மடங்கு, இது இசைவான விகிதம் அன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரணை இந்நிலையை மாற்றி, மேலொலிகளை இசைவான விகிதங்களுக்குக் கொண்டுவருகின்றது. இதனைச் ச. வெ. இராமன் 1920 இல் நேச்சர் இதழில் விளக்கினார். இதன் காரணமாக மிருதங்கம் பாடகரின் சுருதிக்குச் சேர்க்கப்பட வேண்டிய கருவியாகின்றது. டிரம்ஸ் மென்பொருளில் ஒரு சுருதியில் பதிவான ஒலியை வேறு சுருதிக்கு இழுத்தால் ஒலியின் நீளமோ நிறமோ மாறி, வேறு அளவுள்ள கருவி போல் கேட்கும். எனவே பல சுருதிகளில் தனித்தனிப் பதிவுகள் தேவைப்படுகின்றன.

இடந்தலையாகிய தொப்பியில் கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி இன்னும் கடினமானது. அடித்த பின்னர் கை செய்யும் வேலையால் சுருதி வளைகின்றது. ஹை-ஹேட்டில் கால் செய்வதற்கு இது ஒப்பானது. பொது மிடித் தாளப் பட்டியலில் போங்கோ, கொங்கா, டிம்பாலே, கூக்கா என இலத்தீன் அமெரிக்கக் கருவிகள் பல இடம்பெற்றுள்ளன. மிருதங்கத்துக்கோ தபேலாவுக்கோ எண் இல்லை. சுவர் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தியக் கருவிகளுக்கான ஒலிமாதிரித் தொகுப்புகளை வெளியிட்டுள்ளன. அவற்றில் எந்தச் சொல்லுக்கு எந்த விசை என்பதைத் தொகுப்பாளரே முடிவு செய்கின்றார். எல்லோருக்கும் பொதுவான நியமம் உருவாகவில்லை.

உரிமமும் பழைய பாடல்களும்

பயனர்களின் வேண்டுகோள்களுள் ஒலியோடு தொடர்பில்லாத ஒன்றே மிகவும் கவலைக்குரியது. ஒலிநாடாவில் பதிவான டிரம்ஸ், நாடா உள்ளவரை இருக்கும். மென்பொருளைக் கொண்டு உருவான பாடலின் கோப்பிலோ டிரம்ஸ் ஒலி இல்லை. எந்த நேரத்தில் எந்த எண் என்ற குறிப்பு மட்டுமே உள்ளது. அம்மென்பொருள் இயங்காது போனால் பாடலின் டிரம்ஸும் இல்லாது போகும்.

மென்பொருள் இயங்காது போகப் பல வழிகள் உள்ளன. 2018 இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி 2 க்கான உருவாக்கக் கருவித்தொகுதி வழங்குவதை நிறுத்தியது. 2019 இல் வெளிவந்த மாக் இயக்குதளமான கேட்டலீனா 32 பிட் மென்பொருட்களை ஏற்பதை நிறுத்தியதால், இற்றைப்படுத்தப்படாத பழைய செருகுநிரல்கள் அதில் செயலிழந்தன. சில மென்பொருட்கள் அவ்வப்போது இணையத்தின் வழியாக உரிமத்தை உறுதி செய்துகொள்கின்றன. அந்த வழங்கி நிறுத்தப்பட்டால், பணம் கொடுத்து வாங்கியவரும் தமது பாடலைத் திறக்க முடியாது. ஒலிமாதிரித் தொகுப்புகளை மறுவிற்பனை செய்யவும் பல உரிமங்கள் இடமளிப்பதில்லை. எனவே இணைய உறுதிப்பாடு இன்றி இயங்குதல், பழைய பதிப்பின் கோப்புகளைப் புதிய பதிப்பும் பிழையின்றித் திறத்தல், எல்லா ஒலிவாங்கித் தடங்களையும் ஒரே கட்டளையில் ஒலிக்கோப்புகளாக வெளியேற்றுதல் ஆகியன கேட்கப்படுகின்றன. மூன்றாவது வசதி தொழில்முறைக் கலைஞர்களிடையே வழக்கமாகவே உள்ளது. பாடல் முடிந்தவுடன் டிரம்ஸை ஒலிக்கோப்புகளாக்கிச் சேமித்துவிடுகின்றனர்.

திறந்த மூல மென்பொருட்கள் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. அலெசாண்ட்ரோ கொமினு தொடங்கிய ஹைட்ரஜன், முன்னர்க் குறிப்பிட்ட டிரம்கிஸ்மோ ஆகியவற்றுக்கு உரிம உறுதிப்பாடு தேவையில்லை. டிரம்கிஸ்மோவின் டிரம்ஸ் தொகுதிகள், சாதாரண ஒலிக்கோப்புகளும் அவற்றை விவரிக்கும் எக்ஸ்.எம்.எல் கோப்புகளும் கொண்டவை. எஸ்.எஃப்.இசட் என்னும் வடிவமும் இத்தகையதே. எந்த ஒலிக்கோப்பு எந்த விசை எண்ணுக்கு உரியது என்பது அதில் எளிய உரையாக எழுதப்பட்டுள்ளது. இவற்றின் தொகுதிகள் வணிக மென்பொருட்களின் தொகுதிகளைவிட எண்ணிக்கையில் மிகவும் குறைவு. ஆனால் ஒரு தொகுதியை உருவாக்கிய மென்பொருள் மறைந்தாலும் அக்கோப்புகளை வேறொருவர் திறந்து படித்து ஒலிக்கச் செய்யலாம்.